ஊர்ச் சபாவில் உறுப்பினருக்கு என்ன வேலை?

சங்கீத சபாக்களின் ஆண்டுப் பொதுக்குழு அழைப்பில் அடியில் ஒரு வரி இருக்கும். குறித்த நேரத்தில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேராவிட்டால் கூட்டம் அரை மணி நேரம் தள்ளிவைக்கப்பட்டு, அதே இடத்தில், வந்திருப்பவர்களைக் கொண்டே நடத்தப்படும் என்று சொல்லும் வரி. எப்போதாவது தேவைப்படலாம் என்று துணைவிதியில் சேர்த்த ஏற்பாடு, இன்று பல ஊர்களில் வழக்கமான நடைமுறையாகிவிட்டது. ஐந்தரைக்குக் கூட்டம் என்றால் ஆறுக்குத்தான் ஆரம்பிக்கும் என்பது அழைத்தவர்களுக்கும் தெரியும், வருபவர்களுக்கும் தெரியும். ஆண்டறிக்கை, வரவுசெலவுக் கணக்கு, ஆடிட்டர் நியமனம், இருக்கிற செயற்குழுவே போட்டியின்றி மீண்டும் தேர்வு, நன்றியுரை, காபி. பதிவேட்டில் சில நூறு பெயர்கள் இருக்கும் சபாவில் இரண்டு வரிசை நாற்காலி நிறைந்தால் அந்த வருஷம் நல்ல கூட்டம்.

கச்சேரி நாளிலும் பெரிய வித்தியாசமில்லை. மேடையில் பாடகர், வயலின், மிருதங்கம், சில நாள் கடமும் சேர்ந்திருக்கும். எதிரே முப்பது பேர். அவர்களில் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், பாடுபவரின் குருவும் பெற்றோரும் உடன் படிப்பவர்களும்தான் பாதி என்பது தெரியவரும். கணக்கில் உறுப்பினர், அரங்கில் காலி நாற்காலி. சென்னைப் புறநகரிலும், காவிரிக் கரை ஊர்களிலும், கோவை, மதுரை போன்ற நகரங்களின் சிறிய சபாக்களிலும் காரியதரிசிகள் சொல்லி அலுத்துப்போன புகார் இது.

இதற்குக் கைவசம் இருக்கும் பதில், "இளசுகளுக்கு ரசனை இல்லை, எல்லாரும் போனில் மூழ்கிவிட்டார்கள்" என்பது. எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. மார்கழியில் ஐந்தாறு பாடகர்களுக்கு அரங்கம் நிறைந்து வழிகிறது. எந்த நடுத்தரக் குடியிருப்பிலும் சனிக்கிழமை காலை பாட்டு கிளாஸ், வீணை கிளாஸ், மிருதங்க கிளாஸ் நடக்கிறது. கடல் தாண்டிய மாணவர்களுக்குக் காலை நாலரை மணிக்கே எழுந்து இணையவழியில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சங்கீதம் கேட்பவர்களும் கற்பவர்களும் தாராளமாகவே இருக்கிறார்கள். அவர்கள் ஊர்ச் சபாவின் உறுப்பினர்களாக மட்டும் இல்லை. என் கணிப்பில், சபாவுக்கு உறுப்பினர் தேவைப்படாமல் போனதுதான் முதலில் நடந்தது. உறுப்பினர் வராமல் போனது அதற்குப் பிந்தியது.

சபாவின் மூதாதையர்களைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு பக்கம் பஜனை மடங்கள். கும்பகோணத்தை அடுத்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்துக்கொடுத்த பஜனை சம்பிரதாயத்தில் தலைமைப் பாகவதர் ஒருவர் இருப்பார், ஆனால் சும்மா உட்கார்ந்து கேட்பவர் என்று யாரும் கிடையாது. அடி எடுத்துக் கொடுத்தால் கூடியிருப்பவர்கள் வாங்கிப் பாடவேண்டும். மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனையும் அந்த வழியில் வந்ததுதான். மறுபக்கம் அமெச்சூர் நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபாவில் உறுப்பினர்கள்தான் நடிகர்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் நடித்தவர். திருச்சியில் 1914இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கிய எஃப்.ஜி. நடேச ஐயர் ரயில்வே அதிகாரி, நாடகப் பித்தர். பிற்பாடு தமிழ்நாட்டையே கிறங்கடித்த எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக மேடையேறியது அவருடைய நாடகத்தில்தான். ஆக, பாடுவதோ நடிப்பதோ, அந்த நாள் உறுப்பினருக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது.

கச்சேரி சபா அந்த வேலையைக் கொஞ்சம் சுருக்கியது. அரண்மனைகளும் ஜமீன்களும் கொடுத்த ஆதரவு தேய்ந்தபோது வித்வான்கள் சென்னைக்கு வந்தார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900ஆம் ஆண்டைத் தன் பிறப்பாகச் சொல்லும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மறு வருஷம் மியூசிக் அகாடமி முளைத்தது. ராஜா ஒருவர் கொடுத்ததை இப்போது நூறு குடும்பங்கள் பங்கு போட்டுக் கொடுத்தன. சந்தா என்பதன் பொருளாதாரம் அவ்வளவுதான். உறுப்பினர் பாடவில்லை, ஆனால் அவர் கட்டிய பணம்தான் வித்வானின் சன்மானம். அந்த உரிமையில் காரியதரிசியைத் தெருவில் மடக்கி, "போன மாசம் யாரையா கூட்டிண்டு வந்தே, சுருதியே சேரலையே" என்று கேட்க முடிந்தது. கேட்டார்கள். இந்த அதட்டலும் பங்கேற்புதான் என்று நான் சொல்வேன்.

இங்கே பெரும்பாலான விளக்கங்கள் தாண்டிப்போகும் ஒரு விஷயம் உண்டு. 1950களிலிருந்து 80கள் வரை சபாக்களின் உறுப்பினர் பட்டியல் பெருத்தது சங்கீதத்தால் மட்டும் அல்ல. நாடகத்தால். ஒய்.ஜி. பார்த்தசாரதி முதலானோர் 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ், பிறகு சோ, கே. பாலசந்தர், மௌலி, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று குழுக்கள் வரிசையாக வந்தன. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்தபடி நாடகம் போட்டவர். மேடையில் இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் ஒரே மாதிரி ஆபீஸுக்குப் போய், ஒரே மாதிரி பஸ்ஸில் திரும்பிய மனிதர்கள். மாதத்துக்கு ஒரு நாடகம், ஒரு கச்சேரி, எப்போதாவது ஒரு நாட்டியம் என்பது பல சபாக்களின் நிரல். குடும்பத்தோடு வருவார்கள், இன்ன வரிசையில் இன்ன நாற்காலி என்று இருக்கும். நாடகத்துக்காகச் சந்தா கட்டியவர், கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று கச்சேரிக்கும் வந்தார். அப்படி வந்து காது பழகியவர்களில் சிலர் கடைசியில் உண்மையான ரசிகர்களானதும் உண்டு.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஞாயிறு மாலைத் தமிழ்ப்படம் வீதிகளைக் காலி செய்தது. 1993இல் சன் டிவி வந்தது. அன்றாடம் வீட்டுக்குள்ளேயே தொடர் நாடகம் வந்தபின் மாதம் ஒரு நாடகத்துக்குப் பஸ் பிடிப்பானேன்? நாடக எழுத்தாளர்களும் நடிகர்களும்கூட அந்தப் பக்கம் போனார்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா போன்ற முயற்சிகள் இன்னும் இருக்கின்றன என்றாலும், சபா நாடகம் ஒரு வாழ்க்கைப் பழக்கமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களில் பெரும்பங்கினர் நாடக உறுப்பினர்கள் என்பதைச் சபாக்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டன. சங்கீதத்துக்கு இத்தனை பேர் இருந்தார்கள், இப்போது ஓடிவிட்டார்கள் என்று புலம்புபவர்கள் இந்தக் கழித்தலைச் செய்து பார்ப்பதில்லை.

அதன் பிறகு எல்லாம் டிசம்பருக்குள் போய் ஒடுங்கியது. காரணம் புரியாததல்ல. வெளிநாட்டுத் தமிழர்கள் விடுமுறைக்கு ஊர் வரும் மாதம், கலைஞர்கள் எல்லாரும் சென்னையில் இருக்கும் மாதம், பத்திரிகைகள் விமர்சனம் எழுதும் மாதம். விளம்பரம் கொடுக்கும் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் வங்கியும் விழா மலரில் பக்கம் வாங்கும் மாதமும் அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் அந்தச் சில வாரங்களில் நடக்கின்றன. கேன்டீனில் சமையல்காரர் அறுசுவை நடராஜன் இலை போட்ட நாட்களில் சாப்பாட்டுப் பந்தலில் இருந்த வரிசை உள்ளே மேடைக்கு முன்னால் இருந்ததில்லை என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு, கொஞ்சம் மிகைதான். விழா மாதம் வலுக்க வலுக்க மற்றப் பதினோரு மாதம் வற்றியது. முழு வருஷச் சந்தா கட்டியவருக்குக் கிடைப்பது இரண்டு வாரச் சங்கீதம் என்றால், அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் சீசன் டிக்கெட் வாங்கிக்கொள்வதே லாபம். உறுப்பினர் வாடிக்கையாளராக மாறினார்.

வரவுசெலவுக் கணக்கைப் புரட்டினால் இன்னும் தெளிவாகும். அரங்க வாடகை, மைக் செட், அழைப்பிதழ் அச்சு, பக்கவாத்தியம் உட்படக் கலைஞர்களுக்கான தொகை, பொன்னாடை, விழா மலர். இவற்றை இன்றைய விலைக்குச் சந்தாவால் ஈடுகட்ட வேண்டுமானால் சந்தாவைப் பல மடங்கு உயர்த்தவேண்டும். உயர்த்தினால் இருப்பவர்களும் விலகுவார்கள். ஆகவே ஸ்பான்சர். ஒரு நிறுவனத்தின் நன்கொடை நூறு உறுப்பினர்களின் சந்தாவைவிட எளிதாக வருகிறது. மேலாளர் ஒருவரைப் பார்த்தால் போதும், நூறு வீட்டுக் கதவைத் தட்டவேண்டியதில்லை. சொந்த அரங்கம் உள்ள பெரிய சபாக்களுக்கு வாடகை வருமானமும் உண்டு. வரிச் சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை: செவ்வியல், நாட்டார் கலைஞர்கள் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1,50,000 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி இல்லை, கச்சேரி நுழைவுக் கட்டணம் 500 ரூபாய் வரை இருந்தாலும் இல்லை. ஆனால் சிறு சபாக்கள் டிக்கெட் போடும் துணிவை இழந்து வெகுகாலமாகிறது. "அனைவரும் வருக, அனுமதி இலவசம்" என்று அச்சடிக்கிறார்கள். எல்லாருக்கும் இலவசம் என்றான பின் சந்தா கட்டியவருக்குத் தனியாக என்ன மிச்சம்? முதல் மூன்று வரிசையில் ஒரு நாற்காலி. அரங்கமே காலியாக இருக்கும்போது அந்தச் சலுகைக்கும் அர்த்தமில்லை.

மதிய நேரக் கச்சேரிகள் இந்தப் பொருளாதாரத்தின் கடைக்கோடி. வளரும் கலைஞருக்கு மேடை கிடைக்கிறது, சபாவுக்கு நிரலில் ஒரு வரி கூடுகிறது. சில இடங்களில் மேடைக்கு ஈடாகக் கலைஞரின் குடும்பமே ஸ்பான்சரைக் கொண்டுவரவேண்டும் என்ற குற்றச்சாட்டு நீண்ட நாளாகப் பேசப்படுகிறது. அப்படி நடக்கும் இடத்தில் ரசிகரின் இருப்பும் இன்மையும் யாருடைய கணக்கையும் பாதிப்பதில்லை.

ஆயுள் உறுப்பினர் திட்டம் வேறொரு விதத்தில் வினையானது. கட்டட நிதிக்காகவோ வைப்பு நிதிக்காகவோ, சில நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ ஒரே தவணையில் வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க உறுப்பினராக்கிய காலம் இருந்தது. அன்று அது பெரிய தொகை. அதன் வட்டியில் இன்று ஒரு கச்சேரிக்கு மைக் செட்கூடப் பிடிக்க முடியாது. பதிவேட்டிலோ அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன: பெங்களூரில் மகனோடு இருப்பவர், அமெரிக்காவில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், முகவரி மாறியவர், காலமானவர். சபாவில் பங்கேற்பு பத்து சதவீதம்கூட இல்லை என்று வருத்தப்படும் காரியதரிசி, முதலில் வகுக்கும் எண் சரியா என்று பார்க்கவேண்டும். இறந்தவர்கள் வரவில்லை என்பதைப் பங்கேற்புக் குறைவு என்று எழுத முடியாது.

சட்டமும் உறுப்பினர்கள் திரண்டு வரவேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கம் பிறந்துவிடும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் போதும். செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது என்று விதி இருந்தாலும் அதே ஆட்கள் திரும்ப வரத் தடையில்லை. ஆண்டுக்கொரு பொதுக்குழு, மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல், பொறுப்பாளர் மாறினால் அதற்கான படிவம். காகிதம் சரியாக இருந்தால் சபா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

செயற்குழுக்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. யாரைப் பாட அழைப்பது என்பதை இரண்டு மூன்று பேர் போனில் முடிவு செய்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு வரும் முதல் தகவல் நன்கொடை கேட்டு, இரண்டாவது மலருக்கு விளம்பரம் பிடித்துத் தரச் சொல்லி. வருஷா வருஷம் கோலம் போட்டு, பிரசாதம் செய்து, வெளியூர் வித்வானுக்கு வீட்டில் சாப்பாடு போட்ட பெண்களின் பெயர்கள் நிர்வாகிகள் பட்டியலில் வருவது இன்னும் பல இடங்களில் அபூர்வம். "நாங்கள் எவ்வளவு நாள்தான் இழுத்துக்கொண்டு போவது, இளைஞர்கள் முன்வரவேண்டும்" என்று மேடையில் பேசும் அதே பெரியவர், முன்வந்த இளைஞர் ஒரு யோசனை சொன்னால் "அதெல்லாம் எண்பத்தி மூணுலயே பண்ணிப் பார்த்தாச்சு தம்பி" என்று முடித்துவிடுவார். பல ஊர்களில் இதை நான் கேட்டிருக்கிறேன். வருஷம் மட்டும்தான் மாறும்.

இதைவிடப் பழைய கதவடைப்பும் உண்டு. சபா வளர்ந்தது சில குடியிருப்புகளின், பெரும்பாலும் ஒரே சமூகத்தின், அண்டை வீட்டு உறவில். நாகஸ்வரத்தையும் பரதத்தையும் தலைமுறைகளாகக் காத்த இசை வேளாளர் குடும்பங்களில் எத்தனை பேர் இந்தச் சபாக்களில் உறுப்பினர்களாக இருந்தார்கள் என்று கேட்டால் சங்கடமான மௌனம்தான் பதில். பாடப்படும் மொழி பெரும்பாலும் தமிழாக இல்லை என்ற குறையும் புதிதல்ல. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற தமிழிசை இயக்கம் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக உருவெடுத்தது அந்தக் குறையிலிருந்துதான். 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரை மீனவர் குடியிருப்பில் சங்கீத விழா நடத்தியவர்கள், யாருக்கு இங்கே இடம் என்ற அதே கேள்வியை வேறு திசையிலிருந்து கேட்டார்கள். அந்த விழா பற்றி எனக்கு மாற்றுக்கருத்துகளும் உண்டு, ஆனால் கேள்வி நியாயமானது. பழைய அக்ரகாரத் தெருவின் குழந்தைகள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் இப்போது குடியிருப்பவர்களைச் சபா ஒருமுறையாவது அழைத்ததா? அழைக்காமலே அவர்களுக்கு ஆர்வமில்லை என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

நேரம், தூரம் பற்றி நீட்டவேண்டியதில்லை. மாலை ஆறேகாலுக்குக் கச்சேரி என்பது ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்ட தலைமுறையின் ஏற்பாடு. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர் அந்நேரம் சிக்னலில் நிற்பார். வயதானவர்களுக்கோ இரவு ஒன்பதுக்கு ஆட்டோ கிடைக்குமா என்ற கவலை. 2020இல் கொரோனா காலத்து மார்கழி இணையத்துக்குப் போனபோது வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, அதே ஊரில், அதே சபாவில், வருஷத்தில் ஒரு நாள் கூட்டம் தானாகச் சேரும். தியாகராஜ ஆராதனை. திருவையாற்றில் தியாகராஜரின் நினைவு நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூடிப் பாடும் வழக்கத்தை ஒட்டி ஊர்தோறும் நடப்பது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் ஐந்து பாட்டு. பாட்டு டீச்சர் தன் மாணவர்களோடு வருவார். பாங்கில் ஓய்வு பெற்றவர் பழைய நோட்டைத் தூசி தட்டிக்கொண்டு வருவார். வராளியில் பாதிப் பேருக்கு சாகித்யம் தடுமாறும். யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இதற்காக ஒரு மாதம் முன்பிருந்தே யார் வீட்டிலாவது ஒத்திகை நடக்கும். பெரிய வித்வானின் கச்சேரிக்கு வராதவர்கள் இதற்கு வருகிறார்கள் என்றால், அன்று அவர்களுக்கு வேலை இருக்கிறது. பஜனை மடத்தில் இருந்த அதே வேலை.

1978இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில குடும்பங்கள் சேர்ந்து ஆரம்பித்த தியாகராஜர் விழா இன்று பல நாள் நடக்கும் பெருவிழா. அதன் முதுகெலும்பு நட்சத்திரக் கச்சேரிகள் அல்ல, குழந்தைகளுக்கான போட்டிகளும் கூட்டுப் பாட்டும்தான். போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் குடும்பம் சமையலறையிலும் வாசலிலும் நின்று வேலை செய்கிறது. அங்கே பணமும் விடுமுறையும் வேறு மாதிரி; அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஆனால் வகுப்புகளையும் சபாவையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததை இங்கேயும் செய்யலாம், செலவும் அதிகமில்லை. ஊரில் உள்ள பாட்டு, வாத்திய ஆசிரியர்கள் நாலைந்து பேரைச் செயற்குழுவுக்குள் கொண்டுவந்தால் அவர்களுடைய மாணவர்களின் வீடுகள் கூடவே வரும். மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, வித்வான் யாரும் இல்லாமல், உறுப்பினர்களே பாடி வாசிக்கும் ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். கேட்கச் சில நாள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வருஷத்துக் கச்சேரிகளில் இரண்டையாவது யாருக்குக் கொடுப்பது என்று உறுப்பினர்களைக் கேட்டு முடிவு செய்யலாம்.

கடைசி யோசனையைச் சொன்னால் காரியதரிசிகள் முகம் சுளிக்கிறார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் அதே ஐந்து நட்சத்திரங்களின் பெயரைத்தான் எழுதுவார்கள், அந்தத் தொகைக்கு எங்கே போவது என்கிறார்கள். முதல் வருஷம் அப்படித்தான் எழுதுவார்கள். பட்ஜெட்டையும் சேர்த்து அவர்கள் முன் வைத்தால் இரண்டாம் வருஷம் விசாரிக்க ஆரம்பிப்பார்கள்: இந்தத் தொகைக்குள் யார் வருவார், போன தடவை மதிய நேரத்தில் பாடிய அந்தப் பெண் யார், அடுத்த தெருவில் நாகஸ்வரம் வாசிப்பவரை ஏன் கூப்பிடவில்லை என்று.